மழை வந்தால் யார் நிறுத்துவது?

கேரல் ரவுண்ட்ஸ், தெருமுனை நாடகம், சர்ச் வளாகத்தில் கிறிஸ்துமஸ் மர விழா, கடற்கரையில் பாடல் நிகழ்ச்சி என்று தமிழ்நாட்டு வாலிபர் ஐக்கியங்களின் ஆண்டு உழைப்பெல்லாம் டிசம்பரில்தான் வந்து குவிகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் பெய்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி கொட்டிவிடும். வர்தா புயல் சென்னையைத் தாக்கியது 2016 டிசம்பர் 12. ஒக்கி குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது 2017 நவம்பர் கடைசியில். 2023-இல் கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின.

ஆகவே டிசம்பர் நிகழ்ச்சியில் மழையை எதிர்பாராத தடங்கல் என்று சொல்ல முடியாது. அதையும் நிகழ்ச்சி நிரலில் ஓர் உருப்படியாகச் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். குழுவை நடத்தும் அண்ணன்மார், அக்காமார், ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்கிறவர், உடைப் பெட்டியைச் சுமக்கிற தம்பி என எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். இதில் கற்பது நாளைக்கு வேலை பார்க்கும் இடத்திலும் அப்படியே பயன்படும்.

முதலில் ஒரு பெயர்

பெரும்பாலான குழுக்களில் பாட்டுக்கு ஒருவர், நாடகத்துக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர் என்று பொறுப்பு இருக்கும். "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. மழை தூறத் தொடங்கியதும் வாலிபர் குழுச் செயலாளர் குருவானவரைப் பார்ப்பார், குருவானவர் கமிட்டி அங்கத்தினரைப் பார்ப்பார், அவர் மைக் செட்காரரைப் பார்ப்பார், மைக் செட்காரர் வானத்தைப் பார்ப்பார். அதற்குள் மேடை நனைந்துவிடும்.

இது எத்தனை ஆபத்தானது என்பதற்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சி சாட்சி. 2011 ஆகஸ்ட் 13 மாலை அங்கே திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்குக் கூட்டம் திரண்டிருந்தது. புயல் நெருங்குவதாக எச்சரிக்கை வந்திருந்தது. மக்களை வெளியேற்றும் உத்தரவு வருவதற்குள் காற்று மேடைக் கூரையைச் சரித்தது. 7 பேர் இறந்தார்கள். கூரைச் சட்டகம் போதிய வலுவோடு இல்லை என்று பின்னர் நடந்த ஆய்வுகள் கண்டன. நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதில் தெளிவில்லை என்பதையும் அவை சுட்டிக்காட்டின. அனுபவமும் பணமும் நிறைந்தவர்கள் நடத்திய நிகழ்ச்சி அது. நம் குழுக்களில் இந்தத் தெளிவு தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒருவரை நியமியுங்கள். அவர் அன்றைக்கு நடிக்கக் கூடாது, பாடக் கூடாது. மேடையில் நிற்பவருக்கு வானம் தெரியாது. இரண்டு மாதம் ஒத்திகை பார்த்தவருக்கு நிறுத்த மனமும் வராது. குருவானவரையும் சபைக் கமிட்டியையும் முன்கூட்டியே சந்தித்து, "அன்று இந்த அக்கா நிறுத்தச் சொன்னால் நாங்கள் எல்லாரும் கேட்போம், நீங்களும் ஒத்துழைக்க வேண்டும், ஐயா" என்று கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். முன்னாலேயே கேட்டால் பெரியவர்கள் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மழைக்கு நடுவே, கூட்டத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதுப் பெண் வந்து நிறுத்தச் சொன்னால்தான் அவர்களுக்குச் சங்கடமாகிறது.

"ஜெபம் பண்ணியிருக்கிறோம்"

சபைக் குழுக்களுக்கு மட்டும் உரிய ஒரு நெருக்கடி உண்டு. மழையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ஜெபம் பண்ணியிருக்கோம், மழை வராது" என்று யாராவது சொல்வார்கள். மாற்று ஏற்பாடு கேட்கிற பிள்ளை விசுவாசக் குறைவுள்ளவளாகத் தெரிந்துவிடுகிறாள். பல குழுக்கள் தார்ப்பாய்கூட இல்லாமல் மேடை ஏறுவதற்கு உண்மையான காரணம் இந்தக் கூச்சம்தான்.

வேதாகமத்தை வாசிக்கிறவர்களுக்கு நெகேமியாவைத் தெரியும். எருசலேமின் அலங்கத்தைக் கட்டுகையில் எதிரிகள் சூழ்ந்தபோது அவர் ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலாளரையும் நிறுத்தினார். ஒன்று மற்றொன்றுக்குக் குறைவு என்று அவர் நினைக்கவில்லை. குழுத் தலைவர் முதல் ஒத்திகை நாளிலேயே இதைச் சொல்லிவிட்டால் மழைத் திட்டம் கேட்கிறவர் தலைகுனிய வேண்டியிருக்காது. பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதும் ஊழியம்தான்.

எப்போது தீர்மானிப்பது

சரியான முடிவைத் தாமதமாக எடுத்துப் பயனில்லை. தீர்மானங்களை மூன்று வேளைகளுக்குப் பிரித்துவிடுங்கள்.

நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்னால் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட வாரியான அறிவிப்பைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனமாகத் தொடர்ந்து பார்க்க வேண்டும், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. என் பரிந்துரை இது: மஞ்சளென்றால் நடத்தலாம், மாற்று இடம் கைவசம் இருக்க வேண்டும். ஆரஞ்சென்றால் வெளியரங்கு வேண்டாம், ஹாலுக்கு மாறிவிடுங்கள். சிவப்பென்றால் தேதியை மாற்றுங்கள், அதில் விவாதமே வேண்டாம். இதை முன்னாலேயே எழுதி ஒட்டிவிட்டால் அன்றைக்கு யாரும் யாரையும் சமாதானப்படுத்த வேண்டியிருக்காது.

அன்று காலை அடுத்த தீர்மானம். இடம் மாறுகிறதா இல்லையா என்பது மதியத்துக்குள் முடிவாகிவிட வேண்டும். பந்தல்காரர், மைக் செட்காரர், வேன் ஓட்டுநர், பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் அதை வைத்துத்தான் இயங்குவார்கள்.

நிகழ்ச்சி நேரத்துக்கு, வானிலை மையம் வெளியிடும் அடுத்த 3 மணி நேரத்துக்கான அறிவிப்பும் ரேடார் படமும் போதும். நிறுத்தும் பொறுப்பாளர் கையில் முழுதாகச் சார்ஜ் ஏறிய போன் இருக்கட்டும். மின்னலுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30-க்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, மேடை காலியாக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை யாரும் திரும்ப ஏறக் கூடாது. கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய வேனுக்குள்ளோ போக வேண்டும். பந்தலுக்கடியில், மரத்தடியில் ஒதுங்குவது பாதுகாப்பே அல்ல.

காற்றுக்கும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அளவு உண்டு. பெரிய கிளைகள் ஆடுகின்றன, மின்கம்பி விசிலடிக்கிறது, குடையை நேராகப் பிடிக்க முடியவில்லை என்றால் காற்று மணிக்கு 40 கிலோமீட்டரை எட்டிவிட்டது. பின்திரை, பேனர், ஸ்பீக்கர் ஸ்டாண்ட் எல்லாவற்றையும் அப்போதே இறக்கிவிட வேண்டும்.

மின்சாரம்: விட்டுக்கொடுக்கவே கூடாதது

நனைந்த உடையை உலர்த்தலாம், கெட்டுப்போன கீபோர்டை மறுபடி வாங்கலாம். மின்சாரத்தில் நேர்கிற தவறுக்கு அப்படிப் பரிகாரம் எதுவும் கிடையாது.

தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் 2025 மார்ச் 1 அன்று தேவாலயத் திருவிழா வேலையின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு 4 பேர் உயிரிழந்தார்கள். பக்தியோடு வேலைசெய்துகொண்டிருந்தவர்கள்தான் இரண்டு இடத்திலும் போனார்கள். உயரமான பொருளும் தலைக்கு மேல் கம்பியும் சந்திக்கும் இடம் எந்த நாளிலும் ஆபத்து. மழை அதை இன்னும் கூட்டுகிறது, ஏனென்றால் உலர்ந்திருக்கும்போது மின்சாரத்தைத் தடுக்கிற மூங்கில் நனைந்த பின் கடத்தத் தொடங்கும். மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டுக் கட்டுகிற கிறிஸ்துமஸ் ஸ்டார், கேரல் வண்டிக்கு மேலே உயர்த்திய அலங்காரம், பேனர் கட்டும் கம்பு எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கேரல் வண்டி போகும் தெருக்களில் முந்தின நாள் பகலிலேயே ஒருமுறை நடந்து, தாழ்வாகத் தொங்கும் கம்பிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மேடை மின் இணைப்பைச் செய்வது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனாக இருக்கட்டும். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் பிள்ளைகளை மைக் பிடிக்க விடாதீர்கள். ஜெனரேட்டர் வைத்தால் அதற்கும் எர்த் அடித்திருக்க வேண்டும். கம்பியை முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளைக் கண்டால் பிரிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் தரையில் கிடக்கக் கூடாது. செங்கல்லோ நாற்காலியோ போட்டு உயர்த்தி, மேலே மூடி, பக்கவாட்டில் காற்றுக்கு இடம் விடுங்கள். கிட்டார் கம்பியைத் தொட்டபடி உதட்டை மைக்கில் வைக்கும்போது சுள்ளென்று இழுத்தால் அது எர்த் கோளாறு. "கொஞ்சம் ஷாக் அடிக்கும், பழகிடும்" என்று யாராவது சொன்னால் அந்த மேடையில் பாடாதீர்கள்.

நம் நாடகங்களில் மேய்ப்பர்களும் தேவதூதர்களும் பெரும்பாலும் வெறுங்காலோடு வருகிறார்கள். ஈரத் தரையில் வெறுங்காலும் கையில் வயர் மைக்குமாக ஒரு குழந்தை நிற்பதை நினைத்துப் பாருங்கள். தூறல் விழுந்தால் எல்லாருக்கும் ரப்பர் செருப்பு. காட்சியின் அழகு கொஞ்சம் குறையும், குறையட்டும்.

மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நிகழ்ச்சி முடியும்வரை ஒருவர் நிற்க வேண்டும். தூறல் தொடங்கினால் முதலில் ஆம்ப்ளிஃபையர், பிறகு மிக்சர், பிறகு மெயின் என்ற வரிசையில் அணைக்கலாம். ஆபத்தென்று தெரிந்தால் வரிசை பார்க்காமல் மெயினைத் தட்டிவிட வேண்டும், கருவி போனால் போகட்டும்.

பந்தலும் பின்திரையும்

தார்ப்பாயைத் தட்டையாகக் கட்டாதீர்கள். மூன்று மீட்டர் நீள அகலமுள்ள துணியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 900 கிலோ எடை. சரிவாகக் கட்டி, தண்ணீர் மேடைக்குப் பின்னால் விழும்படி செய்யச் சொல்லுங்கள். கம்பால் குத்தி வடிக்கலாம் என்று பந்தல்காரர் சொன்னால், அவசரத்தில் அந்தக் கம்போடு யார் நிற்பார் என்று கேளுங்கள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் மாலையில் அசையாமல் நின்ற ஃபிளெக்ஸ் பின்திரை இரவில் ஒரே வீச்சில் சாய்கிறது. பெத்லகேம் காட்சியை ஃபிளெக்ஸில் அச்சடிப்பதற்குப் பதிலாக வலைத்துணியில் செய்தால் காற்று ஊடுருவிப் போகும். ஸ்பீக்கர் ஸ்டாண்டின் கால்களில் மணல் மூட்டை போடுங்கள்.

கருவி, உடை, குரல்

தபலா, மிருதங்கம், டோலக் போன்ற தோல் கருவிகள் ஈரக்காற்றில் தளர்ந்து சுருதி இறங்கும். வெளியரங்குக்கு ரிதம் பேட் வைத்துக்கொள்வது நல்லது. பறை வைத்திருக்கும் குழுக்களுக்குக் காய்ச்சி எடுக்கத் தெரியும். மைக்கில் சாதாரண டைனமிக் வகைதான் மழை நாளுக்கு ஏற்றது. கண்டன்சர் மைக் ஈரப்பதத்தில் கரகரக்கும். கீபோர்டு நனைந்துவிட்டால் வேலைசெய்கிறதா என்று பார்க்கும் ஆசையில் ஆன் பண்ணாதீர்கள். இணைப்பை உருவி, பேட்டரி இருந்தால் எடுத்து, துடைத்து, ஓரிரு நாள் காய விட்டுப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

தெர்மோகோல் இறக்கைகள் சமாளிக்கும், சார்ட் அட்டை இறக்கைகள் ஐந்து நிமிடத்தில் தொங்கிவிடும். பஞ்சுத் தாடி அதற்கும் முன்பே. இறக்கைக்கு மெல்லிய ஃபோம் தாளும் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குச் செயற்கை இழைத் தாடியும் போதும். மெழுகுவர்த்திப் பவனிக்குப் பேட்டரி மெழுகுவர்த்தியை வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் சாயும் சுடருக்கும் நைலான் உடைக்கும் நடுவே பிள்ளைகளை நிறுத்த வேண்டாம். ஆளுக்கொரு துண்டும் மாற்று உடையும் பாலித்தீன் பையில் பெயரெழுதி இருக்க வேண்டும். ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி. நனைந்த உடையோடு பாடிய குரல் மறுநாள் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு உதவாது.

ஒரு நாடகம், மூன்று நீளம்

மழைத் திட்டத்தில் குழுக்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். எல்லாரிடமும் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். ஒரு மணி நேர நாடகத்தில் பாதியில் மழை நின்று, கூட்டம் திரும்பி வந்து உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்குவது? இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. எட்டு மணிக்குத் தொடங்க வேண்டியது ஒன்பதே காலுக்குத் தொடங்கினால் கையில் நாற்பத்தைந்து நிமிடம்தான்.

ஆகவே ஒரே நாடகத்தை முழு நீளத்தில் ஒன்று, நாற்பது நிமிடத்தில் ஒன்று, கால் மணி நேரத்தில் ஒன்று என்று மூன்றாக எழுதி மூன்றையும் ஒத்திகை பாருங்கள். கால் மணி நேர வடிவத்தில் மரியாளுக்கு வரும் செய்தி, மேய்ப்பர்கள், முன்னணை ஆகிய மூன்றும் போதும். ஏரோது வெட்டுப்படுவான். அந்த வேடத்துக்கு மனப்பாடம் செய்த தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி, சுருக்கமான வடிவத்தில் அவனுக்கு வாசகர் பகுதியைக் கொடுங்கள். மின்சாரம் போனாலும் நடத்தக்கூடிய வடிவமும் இந்தக் கால் மணி நேர நாடகம்தான். ஒலிபெருக்கி இல்லாமல் பள்ளிக்கூட ஹாலில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். குரல் எங்கே எட்டவில்லை, நடனத்துக்கு எங்கே இடம் போதவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

எந்த நீளத்திலும் நடத்த முடியாத மழையென்றால் தேதியைத் தள்ளிவையுங்கள். ஜெர்மனியில் பவேரியாவின் ஓபராம்மர்காவ் கிராமத்தார் 1634 முதல் பாடுகளின் நாடகத்தை நடத்துகிறார்கள். 2020-இல் நடக்க வேண்டியதைக் கொரோனாவால் 2022-க்குத் தள்ளிவைத்தார்கள். அத்தனை நூற்றாண்டுப் பாரம்பரியம் உள்ளவர்களே தேதியைத் தள்ளிவைத்தார்கள். நம் சேகரத்தில் ஒரு சனிக்கிழமை தள்ளிப்போவதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்களுக்கு

தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்தத் தெருவை விட்டுவிடுங்கள். மூடியில்லாத சாக்கடையும் அறுந்து கிடக்கும் கம்பியும் தண்ணீருக்கடியில் தெரியாது; எலிக்காய்ச்சல் பரவுவதும் அந்தத் தண்ணீரில்தான். அந்தத் தெரு வீடுகளுக்கு வேறு நாளில் பகலில் போய்ப் பாடலாம், வயதானவர்கள் அதை இன்னும் சந்தோஷமாக வரவேற்பார்கள். புறப்படும்போதும் திரும்பும்போதும் தலைகளை எண்ணுங்கள். பத்து வயதுக்குக் கீழுள்ளவர்களை மழை இரவில் கூட்டிப்போகாதீர்கள்.

பணப் பேச்சு

அட்வான்ஸ் கொடுக்கும்போதே, மழையால் தேதி மாறினால் என்ன என்று பேசி ரசீதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பந்தலும் மைக் செட்டும் வாடகைக்குத் தருகிறவர்களும் அன்றாடம் உழைத்துப் பிழைக்கிறவர்கள். அவர்கள் இறக்கி ஏற்றிய கூலியையாவது கொடுப்பதுதான் நியாயம். எந்த நேரத்துக்குள் சொன்னால் எவ்வளவு என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால் மனஸ்தாபம் வராது.

இதை வேலைக்கு எப்படிக் கொண்டுபோவது

பயோடேட்டாவில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் "சர்ச் வாலிபர் குழுவில் பாடுவேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மழை இரவில் நாற்பது பேரைப் பத்திரமாக நகர்த்தியவர் தன் அனுபவத்தை இப்படிக் குறுக்கிக்கொள்ளக் கூடாது. அனுபவம் என்ற தலைப்பின் கீழ், என்ன பொறுப்பு, எத்தனை பேர், என்ன பட்ஜெட், என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

நேர்காணலில் நெருக்கடியான சூழல் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்த மாதிரி சொல்லலாம்: "எங்கள் நிகழ்ச்சிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது. நிறுத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. காலை பத்து மணிக்கு ஹாலுக்கு மாற்றினேன், பெற்றோருக்கும் வாடகைக்காரர்களுக்கும் பதினொன்றுக்குள் தகவல் சொன்னேன், நாற்பது நிமிட வடிவத்தை நடத்தினோம்." எந்தத் தகவலை வைத்து, எத்தனை மணிக்கு, யாரிடம் சொல்லி முடிவெடுத்தீர்கள் என்பதைத்தான் கேட்கிறவர் கவனிப்பார். உங்களுக்கு உண்மையில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அடுத்த கேள்வியிலேயே கற்பனை உடைந்துவிடும்.

நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனங்களிலும் திரைப்பட, தொலைக்காட்சிப் படப்பிடிப்புகளிலும் மேடை மேலாளர், ஒலிப் பொறியாளர், தயாரிப்பு நிர்வாகி என்று இதே வேலைகளுக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்தப் பக்கம் போக விருப்பமுள்ளவர்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எது உடைந்தது, யார் எங்கே நின்றார்கள், அடுத்த ஆண்டு என்ன மாற்ற வேண்டும். வேலை கேட்டுப் போகும்போது கையோடு கொண்டுபோகத் தகுந்தது அந்த நோட்டு. கட்டுமானத் தளமோ மருத்துவமனையோ, வேறு எந்தத் துறைக்குப் போனாலும் நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தத் தெரிந்தவரைத் தேடுகிறார்கள்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழுக் கூட்டத்தைக் கூட்டுங்கள். இந்த ஆண்டு நிறுத்தும் பொறுப்பு யாருக்கு என்று தீர்மானித்து, அவர் பெயரை மினிட்ஸ் நோட்டில் எழுதி, குருவானவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒத்திகையை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.